பதினான்கு பேரை வெளியேற்றியவர்

கோவை
12.6.2000

அன்புள்ள இசக்கி,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. ஐந்து நிமிடம் பொறுத்துப் படி.

இங்கே பேப்பரைத் திறந்தால் நீலகிரிச் செய்திதான். பச்சை இலைக்கு விலை இல்லை, இன்றைக்கு மறியல், நாளைக்குக் கடையடைப்பு. போன மாதம் அப்பாவின் கடையைக் காலி செய்து கொடுக்கக் குன்னூர் வந்தேன். பெல்மோர் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் உன் நினைப்புதான். ஆனாலும் உன்னைப் பார்க்காமல்தான் திரும்பினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே அருக்காணியம்மாள் கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். பேஸ்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரும் நானே. வருகிற ஜனவரியில் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி எங்கள் மைதானத்தில் நடக்கப்போகிறது. பந்து எறியும் பையன்களுக்கென்று தனியாக ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ள நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. பையன்கள் எறிவதைப் பார்த்தால் உனக்கு அழுகை வரும். வெறும் தோளால் எறிகிறார்கள், இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இந்த வேலைக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. ஹாஸ்டலுக்குப் பின்னால் குடும்பத்தோடு இருக்க ஒரு சின்ன வீடும் தருவார்கள். உன் பெண்ணை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் செயலாளருக்கு எதுவும் அச்சில் இருந்தால்தான் நம்பிக்கை. வருடா வருடம் ஒரு மலர் போடுகிறோம். அதில் பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் போட்டோவும் பணிப் பின்னணியும் வரும். எங்கே ஆடினார், என்ன சாதித்தார் என்று பத்து வரி. அதைப் படித்துப் பார்த்துத்தான் ஆளையே எடுப்பார். பயப்படாதே. மட்டையடி சொல்லிக்கொடுக்கும் மோசஸ் வெலிங்டனில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். சாயங்காலம் சிப்பாய்கள் அடித்த பந்தைப் பொறுக்கிப் போட்டதை 'ராணுவ மைதானத்தில் இருபதாண்டு அனுபவம்' என்று போட்டிருக்கிறோம். ஓட்டப்பயிற்சி தரும் கீர்த்திவாசன் கபடிக்காரன், அவனுக்கும் இப்படித்தான். எல்லாம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவதுதான்.

நீயும் பத்து வரி எழுதி அனுப்பு. எப்படி எழுதுவது என்று தெரிய, போன வருட மலரிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து உள்ளே வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து எழுது.

உன் மனைவி சின்னம்மையையும் பெண்ணையும் கேட்டதாகச் சொல்.

பாலு


மூன்றாம் நம்பர் லயின்
பெல்மோர் எஸ்டேட்
24.6.2000

மதிப்பிற்குரிய தலைமைப் பயிற்சியாளர் பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதமும் மாதிரிப் பக்கமும் கிடைத்தன. மாதிரியைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஐயா, மாதிரி ரொம்ப நன்றாக இருந்தது.

கடிதம் எஸ்டேட் ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து வாங்கி வந்தவள் என் மகள் ரேகா. பதினொரு வயசு, ஆறாம் வகுப்பு. அப்பாவுக்குக் கோவையிலிருந்து கடுதாசி என்றதும் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. வாசலிலேயே பிரித்து, அச்சடித்த பக்கத்தை முதலில் எடுத்துச் சத்தம் போட்டுப் படித்தாள். 'திரு. க. பாலசுப்பிரமணியம். 1988-ஆம் ஆண்டு நெல்லூரில் நடைபெற்ற தென்மண்டல இறுதி ஆட்டத்தில், எதிரணியினர் பதினான்கு பேரை மட்டையில் பந்து படாமலே வெளியேற்றிய பிட்சர்.' லயின் வீட்டு வாசல்களில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இது நீங்க சொல்ற மேட்ச்தானுங்களே? இதுல வேற யாரோ பேரு போட்டிருக்குதுங்களே?"

அவளுக்கு ஐந்து வயதிலிருந்து ஒரே கதைதான் சொல்லித் தூங்க வைத்திருக்கிறேன். நெல்லூர், சூடு, புழுதி, பதினான்கு பேர். பதினான்காவது ஆள் மட்டையைத் தரையில் அடித்தது வரைக்கும் அவளுக்கு மனப்பாடம். இப்போது என்னத்தைச் சொல்ல? "அச்சுப் பிழைம்மா" என்றேன். என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

சரி, என் பணிப் பின்னணியைக் கேட்டீர்களே, எழுதிக்கொள்ளுங்கள். அப்பா செத்த பிறகு அவர் வேலை எனக்கு வந்தது. நாலு வருடம் இலை வாட்டும் மாடியில். பிறகு ரோலர் மெஷினில். போன மார்கழி முதல் ஃபேக்டரி ஓடாத நாட்களில் புல் வெட்டுகிறேன், கூப்பிட்டால் எமரால்டு ஊர்ப் பக்கம் கேரட் கழுவப் போகிறேன். காட்டெருமை லயினுக்குள் வந்தால் கல்லெடுத்து விரட்ட இன்னமும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்ட அனுபவம் என்று ஒன்றும் கிடையாது. இருந்த ஒன்றும் தங்கள் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.

ஒன்பது வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். தங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் வரை வந்தேன். தங்கள் மாமனாரிடம் என்னை என்னவென்று அறிமுகப்படுத்தினீர்கள்? "நம்ம கடைக்குத் தேயிலைத் தூள் கொண்டாந்து போடறவருங்க." அன்றைக்குச் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

இப்படிக்கு,
தேயிலைத் தூள் போடுகிற
இசக்கிமுத்து


கோவை
3.7.2000

இசக்கி,

உன் கடிதம் வந்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வேலாமணி "என்னங்க ஆச்சு?" என்று மூன்று தரம் கேட்டாள். கல்லூரியில் தகராறு என்று சொல்லிச் சமாளித்தேன். என் மனைவி வேலாமணிக்கு அந்த விஷயம் எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்தை நான் ஏன் வைத்தேன்? சத்தியமாகச் சொல்கிறேன், உன்னை நோகடிக்க வைக்கவில்லை. மோசஸுடையது எட்டு வரிதான், கீர்த்திவாசனுடையதில் எழுத்துப் பிழை. சரியாக இருந்தது என்னுடையதுதான், கிழித்து வைத்துவிட்டேன். வருடா வருடம் அச்சுக்குப் போகுமுன் திருத்திக் கொடுப்பவன் நான். பத்து வருடம் படித்துப் படித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே எனக்கு உறைக்காமல் போய்விட்டது. நீ நம்பமாட்டாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. அன்றைக்கு முடிவெடுத்தது நான் மட்டுமா? நம்ம கோச் பவுல்ராஜ் சார் சொன்னார், நீ சரி என்றாய். "யாரு பேருல இருந்தா என்னடா, நம்ம காலேஜு ஜெயிச்சாப் போதும்" என்று சொன்னது யார்? அப்போது இருபது வயசு நமக்கு. ஒரு காகிதம் ஒருத்தனுக்கு வேலையாகும், வீடாகும் என்று யாருக்குத் தெரியும்? பவுல்ராஜ் சாரும் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் அவரிடமாவது கேட்கலாம்.

கல்யாணத்தில் உன்னை அப்படிச் சொன்னது தப்புதான். மாமனார் பக்கத்தில் நின்றார். நாக்கு அப்படிப் புரண்டுவிட்டது.

நேர்முகத் தேர்வு ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, காலை பத்து மணி. செயலாளர், முதல்வர், நான், இன்னொருவர். நான் அங்கே இருக்கும்போது உனக்கு என்ன கவலை? கட்டாயம் வா. கஷ்டமான காலத்தில் வீம்பு பார்க்காதே.

பாலு


பெல்மோர் எஸ்டேட்
15.7.2000

பாலு,

'தாங்கள்' 'ஐயா' என்று எழுதக் கை வலிக்கிறது. நீ என்றே எழுதுகிறேன்.

ஃபேக்டரியைச் சுத்தமாக மூடிவிட்டார்கள். பத்தாம் தேதி ஃபேக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கர் வந்து பெரிய கதவில் பூட்டைப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். சின்னம்மைக்கு இலை எடுக்கும் வேலை வாரத்துக்கு மூன்று நாள் இருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கோ. எதிர் லயினில் சங்கிலி குடும்பம் திருப்பூருக்கு மூட்டை கட்டிவிட்டது. நாய் மட்டும் அந்த வாசலில் படுத்திருக்கிறது.

நீ சொன்னது நிஜம். சரி என்று சொன்னவன் நான்தான். அப்பா போய் நான் வேலைக்கு வந்ததால், இரண்டாம் வருடம் நவம்பரிலேயே காலேஜில் என் பேரை அடித்துவிட்டார்கள். பவுல்ராஜ் சார் ஃபேக்டரி வாசலுக்கே வந்து நின்றார். "டேய் இசக்கி, நீ இல்லைன்னா நம்ம டீமு முத ரவுண்டுலயே ஊட்டுக்கு வந்துரும்டா" என்றார். அந்தப் பேச்சு எனக்குத் தேன். உன் அடையாள அட்டையில் என் போட்டோவை ஒட்டியவர் அவர். உன் பனியனைப் போட்டுக்கொண்டு ஏறியவன் நான். நீ லாட்ஜில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தாய், மூட்டைப்பூச்சிக் கடியோடு. அன்றைக்குச் சாயங்காலம் மைக்கில் "பாலசுப்பிரமணியம்" என்று கூப்பிட்டபோது நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பந்து பிடிக்கும் கேட்சர்தான் தொடையில் கிள்ளி எழுப்பிவிட்டான். ஓடிப்போய்ப் பதக்கம் வாங்கிக்கொண்டேன். நாம் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லி மேட்டுப்பாளையம் வரை சிரித்தோம். 

நம்ம காலேஜ் ஆடிய ஒரே பெரிய போட்டி அதுதான். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதனால் வேறு எதையும் காட்ட எனக்கு வழியில்லை.

ரேகா விஷயம் கேள். போன வருடம் பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதி, பதினான்கு பேர் கதையை அப்படியே வைத்து முதல் பரிசு வாங்கினாள். நீ அனுப்பிய பக்கத்தை லயின் பிள்ளைகள் பார்த்துவிட்டார்களா, வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டார்கள். "உங்கப்பன் சுட்ட கதைடி" என்கிறார்களாம். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் துணிப்பந்தை எடுத்துக்கொண்டு வருவாள், "எறிங்கப்பா" என்று. இப்போது வருவதில்லை. நான் கூப்பிட்டாலும் "ஹோம்வொர்க் இருக்குதுங்கப்பா" என்கிறாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு இல்லாவிட்டாலும் அப்புறமாவது அவளுக்கு முழுசும் சொன்னேன். அட்டை, போட்டோ, பனியன் எல்லாம். தலையாட்டினாள். அச்சுப் பிழை என்று முதலில் சொன்னேனே, அந்தப் பொய்க்குப் பிறகு எது சொன்னாலும் இன்னொரு பொய் மாதிரிதான் இருக்கிறது.

தேர்வுக்கு வருகிறேன். உன்னிடம் ஒன்றே ஒன்று. அங்கே நீ எல்லா உண்மையையும் சொல்ல வேண்டாம். உனக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள். 'இவன் எறிவதை நான் பார்த்திருக்கிறேன், நல்ல கை' என்று சொல். மேலே நம்ம மைதானத்தில் இரண்டு வருடம் நீ பார்த்ததுதானே. அது பொய்யில்லை. அவ்வளவு போதும் எனக்கு.

இசக்கி


பெல்மோர் எஸ்டேட்
14.8.2000

பாலு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன்.

நீ அந்த அறையில் இருந்தவன்தான், என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

செயலாளர் நல்ல மனுஷர். "உக்காருங்க" என்றார். காபி கொடுக்கச் சொன்னார். என் பத்து வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, எந்த டீமுல ஆடியிருக்கீங்கன்னு எழுதலீங்களே?" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் முன்னால் இருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது வெள்ளைப் பேப்பர், பாலு. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவரே உன் பக்கம் திரும்பினார். "சாருக்கு இவரைத் தெரியுமுங்களா?" எவ்வளவு லேசாகக் கேட்டார்! தட்டில் வைத்து நீட்டின மாதிரி. நீ என்ன சொன்னாய்? "ஒரே ஊருங்க. பாத்திருக்கேன். மத்தபடி ஆட்டத்தைப் பத்தித் தெரியாதுங்க."

தெரியாதா? என் கை உனக்குத் தெரியாதா? அந்தக் கையில்தானேடா நீ சோறு சாப்பிடுகிறாய்?

இதை அங்கேயே கேட்டிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது உன் நெற்றியில் வேர்வை இறங்கியது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, உனக்கு மட்டும் வேர்த்தது. மனசு விட்டுப்போச்சு. "நான் எந்த டீமுலயும் ஆடுனதில்லீங்க, சும்மா ஆசைக்கு வந்தேனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நீ அறிய வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. வெளியே மைதானத்தில் உன் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்று பார்த்தேன். அஸ்வந்த் என்கிற கேட்சர் பையன், "எறியறீங்களாண்ணா?" என்று பந்தை நீட்டினான். பன்னிரண்டு வருடமாக நிஜப் பந்தைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று பந்து எறிந்தேன். முதலாவது எங்கேயோ போனது. மூன்றாவது அவன் கையுறையில் போய் விழுந்த சத்தத்துக்கு எல்லாப் பையன்களும் திரும்பினார்கள். அவன் ஓடி வந்து சொல்கிறான், "யப்பா! எங்க பாலு சார் அந்தக் காலத்துல இப்படித்தான் எறிவாருங்களாமாண்ணா!"

நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

எனக்கு உன் வேலை வேண்டாம். வீடும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வா. யாருக்கும் தெரிய வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். ரேகாவை உட்கார வைத்து, "நெல்லூரில் எறிந்தது உன் அப்பா" என்று உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. என் பிள்ளை என்னைப் பொய்க்காரன் என்று நினைத்துக்கொண்டு வளரக் கூடாது. இது ஒன்றைச் செய்.

இசக்கி


கோவை
28.8.2000

இசக்கி,

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் கோழை.

அறைக்குள் போகும்வரை சொல்லத்தான் நினைத்திருந்தேன். 'பார்த்திருக்கிறேன், நல்ல கை' என்று சொன்னால் அடுத்த கேள்வி 'எங்கே, எப்போது' என்று வரும். அதற்கு அடுத்தது வரும். செயலாளர் விடுகிற ஆள் இல்லை. போன வருடம்தான் போலிச் சான்றிதழ் என்று ஒரு கிளார்க்கை ஒரே நாளில் அனுப்பினார்கள். அவன் பிள்ளைகளோடு கேட்டுக்கு வெளியே நின்றது கண்ணிலேயே இருக்கிறது. என் மகள் கனிஷ்காவுக்கு எட்டு வயசு. அவளை நினைத்தேன். உன் ரேகாவை நினைக்கவில்லை.

அந்த இடத்துக்கு ஈரோட்டிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டார்கள்.

வருகிறேன். செப்டம்பர் 10, ஞாயிறு. காலை ஏழு மணி பஸ் பிடித்தால் பதினொன்றுக்கெல்லாம் உங்கள் நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். ரேகாவிடம் நானே பேசுகிறேன். அவளிடம் சொல்லி வை, அப்பாவின் நண்பர் வருகிறார் என்று. இது சத்தியம்.

பாலு


கோவை
11.9.2000

இசக்கி,

மேட்டுப்பாளையம் வரை வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் குன்னூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் அடித்ததும் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று பஸ் போயிற்று. கையில் உன் பெண்ணுக்கு வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலம் இருந்தது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தையிடம் அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெரியவர்கள் என்றால் திட்டுவார்கள், அடிப்பார்கள். அவள் சும்மா பார்ப்பாள்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாமா? நாளானால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். இந்தக் கடிதங்களையும் வைத்திருக்க வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு.

பாலு


பெல்மோர் எஸ்டேட்
16.9.2000

பாலு,

மறந்துவிடுவார்களா? நீ மறந்திருக்கிறாய், அதனால் எல்லாரும் மறப்பார்கள் என்று நினைக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேகா தலைக்குக் குளித்து, கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா மகள் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். நீ வருகிறாய் என்று சொன்னதிலிருந்து அவளிடம் ஒரு மாற்றம். சனிக்கிழமை சாயங்காலம் துணிப்பந்தை எடுத்துக்கொண்டு தானாகவே வந்தாள். இரண்டு மாசத்துக்குப் பிறகு! இருட்டும்வரை எறிந்தேன். தோள் பட்டை கழன்றுவிடும் போல வலித்தது, நிறுத்த மனசு வரவில்லை.

பத்தரைக்கே நிறுத்தத்துக்குப் போய் நின்றோம். மஞ்சு மூட்டம் இறங்கி, எதிரில் வரும் பஸ்ஸின் லைட் மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அவள் எழுந்து நின்றாள். இறங்குகிற ஆம்பிளைகளை எல்லாம் பார்த்து, "இவருங்களாப்பா? இவருங்களா?" என்றாள். நாலு பஸ். மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் அவளே என் கையைப் பிடித்து, "உடுங்கப்பா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். வழியெல்லாம் நான்தான் "வேலையா இருந்திருப்பாரு" என்று உளறிக்கொண்டே வந்தேன்.

நீ வராவிட்டாலும் உன் கடுதாசியையாவது காட்டலாமே என்று நினைத்தேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன், பாலு. இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய். 'அந்த விஷயம்' என்கிறாய், 'அன்றைக்கு முடிவெடுத்தது' என்கிறாய், 'கோழை' என்கிறாய். எறிந்தது இசக்கி என்று ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், எழுதவில்லை. எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாய்! என்னிடம்கூட நீ உன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டுதான் பேசியிருக்கிறாய். அடப்பாவி.

கிழிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே உனக்கு இல்லை. கிழித்தாலும் கிழிக்காவிட்டாலும் இதில் ஒன்றும் இல்லை.

இசக்கி


அருக்காணியம்மாள் கலை அறிவியல் கல்லூரி
உடற்கல்வித் துறை
கோவை
3.10.2000

இசக்கி,

கல்லூரித் தாளில் எழுதுகிறேன். கீழே கையெழுத்தும் போட்டு, துறை முத்திரையும் குத்தியிருக்கிறேன்.

1988 ஜனவரி 17-ஆம் தேதி நெல்லூரில் நடந்த தென்மண்டல இறுதி ஆட்டத்தில் பந்து எறிந்தவன் இசக்கிமுத்து. பதினான்கு பேரை வெளியேற்றியவன் அவன். என் பெயரில், என் அடையாள அட்டையில், என் பனியனில் அவன் ஆடினான். நான் அன்றைக்கு மைதானத்திலேயே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் இருந்தேன். அந்த ஆட்டத்துக்குக் கிடைத்த சான்றிதழை வைத்துத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அதன் பிறகும் அதற்கு முன்பும் நான் ஒரு முழு ஆட்டம்கூட எறிந்ததில்லை.

நேற்று ராத்திரி வேலாமணியிடம் சொல்லிவிட்டேன். அவள் அதிலிருந்து என்னோடு பேசவில்லை. இந்த வருட மலரில் என் பக்கத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன்.

ரேகாவிடம் இதைக் காட்டு. வேறு யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

க. பாலசுப்பிரமணியம்


பெல்மோர் எஸ்டேட்
10.10.2000

பாலு,

உன் கடுதாசியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இது என்னிடம் இருக்க வேண்டாம். எங்காவது விழுந்து, யார் கையிலாவது சிக்கினால் உன் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். வேலாமணியை நான் பார்த்தது ஒரு நாள்தான், ஆனாலும் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நீயே கிழித்துக்கொள்.

வியாழக்கிழமை நாங்கள் திருப்பூர் போகிறோம். சங்கிலி ஒரு பனியன் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறான். சின்னம்மைக்கும் வேலை இருக்கிறதாம். இடம் ஏதும் அமையவில்லை, அதனால் விலாசம் எழுத முடியவில்லை. அமைந்தாலும் எழுதுவேனா என்று தெரியாது. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் எல்லாம் போன மாசத்தோடு முடிந்துவிட்டது.

நீ எழுதியதைப் படித்தபோது ரோட்டில் நின்றே அழுதேன். பன்னிரண்டு வருடத்தில் என் பேரை அந்த ஆட்டத்தோடு சேர்த்து எழுத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. 'எறிந்தவன் இசக்கிமுத்து.' நாலைந்து தரம் படித்தேன். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இதற்காக உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

ஓட்டமாக லயினுக்கு வந்தேன். ரேகா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "இந்தா, படிம்மா" என்று கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே மெதுவாகப் படித்தாள், சத்தம் போடாமல். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.  

"இவரு உங்க ஃப்ரெண்டுங்களாப்பா?"

"ஆமாம்மா."

"நீங்க இப்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்டீங்களா?"

அவளிடம் இன்னொரு பொய் சொல்லக் கூடாது என்று இருந்தேன். "கேட்டேம்மா" என்றேன்.

 அப்புறம் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "சரிங்கப்பா. நான் நம்பறேன். நீங்க அழுவாதீங்க" என்று சொல்லிக் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். எங்கள் கடைசி வீட்டில் மூளை கலங்கிய தாத்தா ஒருவர் இருக்கிறார். செத்துப்போன மகன் இந்த வாரம் பட்டாளத்திலிருந்து லீவில் வருகிறான் என்பார். லயினில் எல்லாரும் "ஆமாங்க தாத்தா, வந்துருவாருங்க" என்போம். ரேகாவும் சொல்வாள். அதே குரலில்தான் என்னிடமும் சொன்னாள்.

பதினொரு வயசுப் பிள்ளை, அப்பன் மனசு நோகக் கூடாது என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, மறுபடி உட்கார்ந்து பாத்திரத்தைக் கட்ட ஆரம்பித்தாள். நானும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, சாக்கின் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

இசக்கிமுத்து